பையில் அடங்கும் விசைப்பலகை

சென்னையின் தென்பகுதியாகிய பெசன்ட் நகரில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் உள்ளது. 1943 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நூல்நிலையத்தில், ஐயரவர்கள் ஊர்தோறும் அலைந்து தேடித் தொகுத்த ஓலைச்சுவடிகள் காக்கப்பெற்று வருகின்றன. ஓலைச்சுவடிகளைக் காண்போர், அவையெல்லாம் மடங்களிலும் திண்ணைகளிலும் அமைதியாக அமர்ந்து எழுதப்பெற்றவை என்றே எண்ணுவர். அக்காலத்து எழுத்து முழுவதும் அவ்வாறு பிறந்ததன்று. ஐயரவர்களின் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் வண்டியிற் பயணம் செய்யும்போதே செய்யுள் இயற்றிச் சொல்லுவார். உடன் செல்லும் மாணாக்கர், வண்டியில் இருந்தபடியே அதனை ஏட்டில் எழுதிக்கொள்வார். இளமையில் அவ்வாறு எழுதியவருள் ஐயரவர்களும் ஒருவர்.

வழியில் எழுதுவார்க்கு ஏற்ற கருவி ஒன்றும் அக்காலத்தில் இருந்தது. அதற்கு மடக்கெழுத்தாணி என்று பெயர். கூரிய முனையைப் பிடிக்குள் மடக்கி எடுத்துச் செல்லலாம். வேண்டும்போது விரித்து எழுதலாம். ஏட்டை வைத்தற்குப் பலகை வேண்டுவதில்லை, இடக்கையே பலகையாகும். பின்னர் வந்த தாளும் மையும் எழுத்தை விரைவுபடுத்தின. ஆயினும், எழுதுவோரை மேசையோடு பிணித்தும் விட்டன. தட்டச்சுப்பொறி வந்தபின் அப்பிணைப்பு இன்னும் இறுகியது. அதனை அவிழ்ப்பதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தட்டச்சுப்பொறியின் தோற்றம் பலரும் எண்ணுவதுபோல் அலுவலகத்தில் நிகழவில்லை. இத்தாலி நாட்டில் பெல்லெக்ரீனோ தூரி என்பவர், பார்வையிழந்த கரோலினா ஃபான்தோனி என்னும் சீமாட்டி தம் கைப்படவே கடிதம் எழுதவேண்டும் என விரும்பி, அவருக்காக எழுதும் பொறி ஒன்றை அமைத்தார். அப்பொறி இன்று இல்லை. அதனால் எழுதப்பெற்ற 1808 ஆம் ஆண்டுக் கடிதங்கள் இருக்கின்றன. கண்ணின் உதவியின்றி விரலால் எழுதுதல் என்னும் கருத்து அன்றே தோன்றிவிட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்க நாட்டினராகிய கிறிஸ்தபர் ஷோல்ஸ் என்பவரும் அவர்தம் நண்பரும் 1868 இல் உரிமை பெற்ற பொறியே, 1874 இல் ரெமிங்டன் நிறுவனத்தின் வாயிலாக விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது.

ஆங்கிலத்திற்கு இருபத்தாறு எழுத்துக்கள். தமிழுக்கோ இருநூற்று நாற்பத்தேழு. பொறியில் உள்ள விசைகள் ஏறத்தாழ நாற்பத்தைந்து. ஒவ்வொன்றிலும் இரண்டு உருவங்களையே பொருத்தலாம். இவ்வளவில் தமிழை அடக்குவது எங்ஙனம்? யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து, இளமையில் மலாயா நாடு சென்று பணியாற்றிய ஆர். முத்தையா என்பவர் இவ்வினாவிற்கு விடை தேடினார். கொம்பு, கால் முதலிய குறிகளைத் தனித்தனி விசைகளாக்கினால் எழுத்துக்களின் தொகை குறையும். ஆனால் புள்ளியும், இகரக் குறியும் எழுத்தின் மேலும் பக்கத்திலும் ஒட்டி நிற்பவை. அவற்றை அடித்தவுடன் பொறியின் உருளை நகர்ந்துவிடுமாயின், புள்ளி ஓரிடத்தும் எழுத்து வேறிடத்துமாக விழும். ஆதலின், அடித்தாலும் உருளை நகராதபடி சில விசைகளை அவர் அமைத்தார். அவற்றிற்கு நகரா விசைகள் என்று பெயர். முதலிற் புள்ளியை அடித்து, அதன்பின் அதே இடத்தில் ககரத்தை அடித்தால் 'க்' என்னும் எழுத்துத் தாளில் தோன்றும்.

எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாட்டில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. ககரத்தை எழுதிப் பின்னர்ப் புள்ளியிடுவதே கையெழுத்தின் முறை. பொறியிலோ புள்ளியை முன்னர் இடவேண்டும். தமிழ்க் கை, பொறிக்காகத் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. எனினும் அது பெரிய விலை அன்று. முத்தையாவின் அமைப்பைக்கொண்டு ஜெர்மனி நாட்டின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல்-நௌமன் தொழிற்சாலை தமிழ்ப் பொறிகளைச் செய்தது. அவற்றுள் 'பிஜு' என்னும் பெயருடைய சிறுபொறி கையில் எடுத்துச் செல்லத்தக்கது. தமிழில் எழுதுவோர் பொறியோடு பயணம் செய்தல் அதனாற் கைகூடியது. எடுத்துச் செல்லலாம் என்ற அளவில்தான். சிறு தட்டச்சுப்பொறிகளும் ஐந்து, ஆறு கிலோகிராம் எடையுடையன. தொடர்வண்டியில் அதனை மடிமேல் வைத்து எழுதியவர் எவரேனும் இருப்பின், அவர்தம் முழங்கால்கள் இரங்கத்தக்கவை!

1956 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அரசு அலுவலகங்களுக்கு உரியதாக்கியபின், தமிழ்த் தட்டச்சின் தேவை பெருகியது. 1955 ஆம் ஆண்டு முதல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறிகளைச் செய்து வந்தது. மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய தெருக்களிலும், தியாகராய நகரிலும், மாடியறைகளில் தட்டச்சுப் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. காலை ஆறு மணிக்கே அவ்வறைகளில் பொறிகளின் ஒலி எழும். தெருவிற் செல்வோர்க்கு அது விடாத மழைபோற் கேட்கும். மாணவர் விசைகளைப் பாராது 'ய ள ன க' என்று இடக்கை விரல் நான்கினையும் முறையே பழக்குவர். பள்ளியிறுதி வகுப்பை முடித்த எத்தனையோ பேர்க்கு அந்நான்கு எழுத்துக்களே முதல் ஊதியத்திற்கு வாயிலாயின.

இனி, இற்றை நாளின் காட்சி ஒன்றைக் காண்போம். திருமயிலை நிலையத்தில் மாணவி ஒருத்தி பறக்கும் தொடர்வண்டியில் ஏறி அமர்கிறாள். பையிலிருந்து மெல்லிய பலகை ஒன்றை எடுக்கிறாள். புத்தகம்போல் மடிந்திருந்த அதனை விரித்து, மடியில் உள்ள நோட்டுப் புத்தகத்தின் மேல் வைக்கிறாள். செல்பேசியை அதன் தாங்கியில் நிறுத்துகிறாள். பலகைக்கும் செல்பேசிக்கும் இடையே கம்பி இல்லை. வண்டி மந்தைவெளியைக் கடந்து, கிரீன்வேஸ் சாலையை விட்டு, அடையாற்றின் மேல் செல்கிறது. அவள் கண்கள் ஆற்றைப் பார்க்கின்றன. விரல்கள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. கோட்டூர்புரம் வருவதற்குள் ஒரு பத்தி முடிந்துவிடுகிறது. பலகையின் எடை கால் கிலோகிராம் அளவே.

இப்பலகை எவ்வாறு செயற்படுகின்றது? விசைகளுக்கு அடியில் மின்கடத்தும் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக வலைபோல் ஓடுகின்றன. ஒரு விசையை அழுத்தினால் ஒரு நெடுங்கோடும் ஒரு குறுக்குக்கோடும் அவ்விடத்தில் தொடுகின்றன. பலகையினுள் உள்ள சிறு சில்லு, நொடிக்குப் பன்னூறு முறை அக்கோடுகளைச் சோதித்துக்கொண்டே இருக்கும். எந்த இரண்டு கோடுகள் தொட்டன என்பதைக்கொண்டு அழுத்தப்பட்ட விசையை அறிந்து, அவ்விசைக்குரிய எண்ணை வானொலி அலையாகச் செல்பேசிக்கு அனுப்பும்.

அவ்வலைமுறைக்குப் புளூடூத் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க் நாட்டை ஆண்ட ஹெரால்டு என்னும் அரசனின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்த மக்களை அவன் ஒன்று சேர்த்ததுபோல் கருவிகளை ஒன்று சேர்ப்பது எனக் கருதி அப்பெயரை இட்டனர். இம்முறை 2.4 கிகாஹெர்ட்சு அலைப்பகுதியில் இயங்குகின்றது. வீடுகளில் உள்ள கம்பியில்லா இணையக் கருவியும் அப்பகுதியைப் பயன்படுத்துவது உண்டு. இத்தனை கருவிகளும் ஒரே இடத்திற் பேசினால் ஒன்றன் பேச்சு மற்றொன்றிற் கலவாதோ? தியாகராய நகர் இரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தின் நடுவே இரு நண்பர் பேசவேண்டியுள்ளது எனக் கொள்வோம். ஓரிடத்திலேயே நின்றால் நெரிசல் பேச்சைக் கெடுக்கும். 'இத்தனை நொடிக்கு ஒருமுறை இன்ன கடை வாயிலுக்கு மாறுவோம்' என்று முன்னரே இருவரும் வகுத்துக்கொண்டால், ஓரிடத்திற் பேச்சுக் கெட்டாலும் அடுத்த இடத்தில் தொடரலாம். தொடக்கத்தில் வகுக்கப்பட்ட புளூடூத் முறையில், அலைப்பகுதி 79 தடங்களாகப் பகுக்கப்பட்டு, இரு கருவிகளும் நொடிக்கு 1600 முறை தடம் மாறுகின்றன. மாறும் வரிசை அவ்விரண்டிற்கே தெரியும். முதன்முறை இரு கருவிகளையும் இணைக்கும்போது செல்பேசி ஓர் எண்ணைக் காட்டி அதனைப் பலகையில் அடிக்கச் சொல்வது உண்டு. அஃது இவ்வுறவை உறுதி செய்யும் சடங்கு.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. பலகை அனுப்புவது எழுத்தை அன்று, எண்ணையே. ஆங்கில 'ஏ' பொறித்த விசையை அழுத்தினால் 4 என்னும் எண் செல்லும். அஃது எந்த எழுத்து என்று முடிவு செய்வது செல்பேசி. ஆங்கில அமைப்பில் அது 'ஏ' ஆகும். பழைய தட்டச்சு அமைப்பில் யகரமாகும். தமிழ் 99 என்னும் அமைப்பில் அகரமாகும். உடனே செல்பேசி, உலக எழுத்துக்களுக்கெல்லாம் எண் வகுத்த யூனிகோடு முறையில் அகரத்திற்குரிய 2949 என்னும் எண்ணை எழுதிக்கொள்ளும். முத்தையாவின் காலத்தில் எழுத்து உருக்கில் வார்க்கப்பட்டிருந்தது. விசையும் எழுத்தும் பிரிக்க இயலாதவை. இன்றைய பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தமிழ் எழுத்துப் பொறித்த பலகை கடையிற் கிடைக்கவில்லையே என்று வருந்துவோர் இதனை அறிந்தால் அவ்வருத்தம் நீங்கும்.

ஆயின், தமிழ் எழுத்துக்களை எவ்விசையில் வைப்பது? கணிப்பொறி வந்த தொடக்க நாட்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையை வகுத்தனர். ஒருவர் பயின்ற அமைப்பு மற்றொருவர் பொறியில் உதவாது. இக்குழப்பத்தைத் தீர்க்கும்பொருட்டு, 1999 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டில் விசைப்பலகை ஆராயப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு அரசு ஒரு பொது அமைப்பை ஏற்றது. அதுவே தமிழ் 99.

அதன் அமைப்பு அழகியது. உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் இடக்கைப் பக்கம்; மெய் பதினெட்டில் பெரும்பாலன வலக்கைப் பக்கம். ஆக, முப்பத்தொரு விசைகளில் தமிழ் நெடுங்கணக்கு முழுவதும் அடங்கிவிடுகின்றது. அ, இ, உ, எ என்னும் குறில்கள் விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் உள்ளன. அவற்றின் நெடில்கள் நேர்மேல் வரிசையில் உள்ளன. மெய்விசையை அழுத்தினால் அகரம் ஏறிய மெய் தோன்றும். அடுத்து உயிர்விசையை அழுத்தினால் உயிர்மெய்யாக மாறும். மெய்யை அகரத்தோடு சேர்த்து ஒலித்தல் தொல்காப்பியர் காலம் முதல் வரும் மரபு. மாணவர் முதல் வகுப்பிற் கற்ற 'க, கா, கி, கீ' என்னும் வரிசையே இங்கு விரலில் ஏறுகின்றது.

இன்னும் வியக்கத்தக்கது புள்ளியைப் பற்றிய ஏற்பாடு. ஒரே மெய்விசையை இருமுறை அழுத்தினால், முதல் எழுத்திற்குப் புள்ளி தானே விழும். மெல்லெழுத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லெழுத்து வந்தாலும் அவ்வாறே. ங, ஞ, ண, ந, ம, ன என்பவற்றை அடுத்து முறையே க, ச, ட, த, ப, ற வருமாயின் புள்ளியிட வேண்டுவதில்லை. இலக்கண வகுப்பில் இனவெழுத்து என்று மனப்பாடம் செய்த செய்தி, இங்கே உழைப்பைக் குறைக்கும் கருவியாகின்றது. 'அம்மா' என்னும் சொல்லுக்கு அ, ம, ம, ஆ என நான்கு அழுத்தங்கள் போதும். 'வந்தான்' என்பதற்கு வ, ந, த, ஆ, ன, புள்ளி என ஆறு. பழைய தட்டச்சில் அச்சொல்லுக்கு ஏழு வேண்டும். ஆங்கில எழுத்துக்களால் ஒலியைக் கூட்டி எழுதும் முறையிலோ எட்டு. விதிக்குப் புறம்பான சொற்களும் உண்டு. 'மமதை' என எழுத விரும்புவோர் இரண்டு மகரங்களுக்கும் இடையில் அகரத்தை ஒருமுறை அழுத்தவேண்டும். இல்லையேல் 'ம்மதை' என்று வந்து நிற்கும்.

ஆங்கில ஒலிக்கூட்டு முறையை இகழ்தல் தகாது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் அம்முறையைப் பரப்பியதனாலேயே, தட்டச்சுப் பயிலாத பல்லாயிரவர் தமிழில் எழுதத் தொடங்கினர். ஆயினும் அம்முறையில் எழுதும் மாணவர் 'வந்தான்' என்று நினைத்து, அதனை ஆங்கில எழுத்தாக மாற்றி, மீண்டும் தமிழாக மாறக் காண்கிறார். ல, ள, ழ என்பவற்றுள் எது என்ற ஐயம், 'எந்த ஆங்கில எழுத்து' என்னும் ஐயமாக உருமாறிவிடுகின்றது. தமிழ் 99 இல் அம்மூன்றும் மூன்று தனி விசைகள்; விரல் பிழைத்தால் பிழை உடனே கண்ணிற் படும். பழகுதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதே அதன் குறை. அக்குறைக்கு அஞ்சியே பெரும்பாலோர் விலகிவிடுகின்றனர். பள்ளிகளும் இதனைப் பயிற்றுவதிற் போதிய கருத்துச் செலுத்தவில்லை.

செல்பேசியின் கண்ணாடியிலேயே எழுதலாமே, தனிப் பலகை எதற்கு என்று வினவுவார் உளர். குறுஞ்செய்திக்குக் கண்ணாடி போதும். நான்கு பக்கக் கட்டுரைக்குப் போதாது. கண்ணாடியில் எழுத்தின் இடத்தைக் கண்ணே காட்டவேண்டும். விரலுக்கு அங்கே மேடும் பள்ளமும் இல்லை. பலகையிலோ இரண்டு விசைகளின் மேல் சிறு புடைப்புக்கள் உண்டு. தமிழ் 99 இல் அவை ஆய்தமும் பகரமும் ஆகும். சுட்டுவிரல் இரண்டும் அவற்றைத் தொட்டுவிட்டால் மற்ற எழுத்துக்களின் இடம் தானே விளங்கும். எழுதுவோரின் கண் திரையையோ, எதிரில் உள்ள நூலையோ, ஆற்றையோ பார்க்கலாம்.

கண்ணே இல்லாதார்க்கு இதன் பயனை என்னென்பது! கோட்டூர்புரத்தில் 2010 இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோர்க்கென பிரெய்ல் பகுதி ஒன்று உண்டு. பார்வையற்ற மாணவர் முன்னாளில் தேர்விலும் கடிதத்திலும் பிறர் கையையே நம்பியிருந்தனர்; அவர் சொல்ல, எழுதுபவர் தமக்குத் தெரிந்தவாறு எழுதுவார். இன்று விசைப்பலகையில் எழுதி, எழுதியதைச் செல்பேசி படித்துக்காட்டக் கேட்டுத் தாமே திருத்திக்கொள்ளலாம். 'பள்ளி' என்று தாம் நினைத்ததைப் பிறர் 'பல்லி' என்று எழுதிவிட்டாரோ என்னும் ஐயம் இனி வேண்டா. தூரியின் பொறி ஒருவர்க்காகச் செய்யப்பட்டது. அதன் வழித்தோன்றலை இன்று அவர்கள் தம் பையில் எடுத்துச் செல்கின்றனர்.

பலகை வாங்குவோர் ஓரிரு செய்திகளை நோக்குதல் நலம். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 19 மில்லிமீட்டர் இருப்பது முழு அளவு. மிகச் சிறிய பலகைகளில் இவ்விடைவெளி குறைவு. பெரிய கையினர் இரண்டு விசைகளை ஒருங்கே அழுத்திவிடுவர். சகரம், ஞகரம், ழகரம் முதலிய விசைகள் ஆங்கிலத்தில் நிறுத்தற்குறிகளுக்கு உரியவை. இடத்தைச் சுருக்கும்பொருட்டு அவ்விசைகளை நீக்கிய பலகை, மலிவாயினும் தமிழுக்கு ஆகாது. விலை குறைந்த கம்பியில்லாப் பலகைகள் சிலவற்றில் வேறொரு தீங்கும் உண்டு. புளூடூத் முறையைப் பின்பற்றாது, எழுதுவதை மறைக்காமல் அப்படியே அலையாக அனுப்பும் பலகைகள் சில இருந்ததை அமெரிக்க ஆய்வாளர் 2016 இல் கண்டனர். ஏறத்தாழ 75 மீட்டர் தொலைவில் இருப்போரும் அவ்வெழுத்துக்களைக் கவர்ந்துகொள்ளலாம். மறைச்சொல்லை அத்தகைய பலகையில் அடிப்பது, கூட்டத்தில் உரக்கக் கூவுவதை ஒக்கும்.

தியாகராய நகர்ப் பாண்டி பசாரில், 2019 இல் நடப்போர்க்கென அகலப்படுத்திய நடைபாதையில் இருக்கைகள் உள்ளன. மர நிழலில் அமர்ந்து இத்தகைய பலகையில் எழுதுவதற்கு அவை ஏற்றவை. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படிகளில் எழுத முயல்வோர் பலகையைப் புறாக்களினின்று காக்கவேண்டியிருக்கும்.

நூலகத்தில் நண்பகல் முழுவதும் எழுதிவிட்டு, அம்மாணவி மாலையிற் கோட்டூர்புரம் நிலையத்திற்குத் திரும்புகிறாள். வண்டியில் இடமில்லை, ஒரு கையாற் பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். மடி இல்லாதார்க்கு இப்பலகை உதவாது. இடக்கையையே பலகையாகக் கொண்ட பழைய மாணாக்கர் நின்றும் எழுதியிருப்பர். ஆறு பின்னே செல்கிறது. மந்தைவெளியில் ஓர் இருக்கை காலியாகின்றது. திருமயிலை அடுத்த நிலையம். ஆயினும் அவள் அமர்ந்து, பலகையை விரித்து, இரண்டு புடைப்புக்களையும் விரலால் தேடுகிறாள்.